பார்வையில்லாதவருக்கு லாங்ரைஃபிள் கட்டை செதுக்கக் கற்றுத்தருவது: எங்கே தொடங்கலாம்?

மேப்பிள்வாசி

எல்லாருக்கும் வணக்கம். லான்காஸ்டர் பாணி லாங்ரைஃபிள் (பழைய அமெரிக்க நீள்குழல் துப்பாக்கி) ஒன்றின் கட்டையை, அதாவது அதன் மர உடலை, முழுக்கக் கைக்கருவியாலேயே செய்யக் கற்றுக்கொள்ள ஒருவர் பட்டறைக்கு வரப்போகிறார். இடம் பென்சில்வேனியா. அவருக்குப் பார்வை இல்லை. சர்க்கரை நோயால் போய் 6 வருடம் ஆகிறது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். பிரெய்ல் வாசிப்பார். மரவேலை புதிது. குழல், ஃபிளிண்ட்லாக் (சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் அமைப்பு, சுருக்கமாக லாக்), டிரிகர், பித்தளைச் சாமான் எல்லாம் செய்து முடித்ததாகவே வாங்குகிறோம். கையால் செய்வது மரம் மட்டும்.

தடுமாறுவது மூன்று இடத்தில். பென்சில் கோட்டை அவர் எப்படிப் பின்தொடர்வார்? உலோகத்தை மரத்தில் பதிக்கும்போது விளக்குப்புகை தடவி, கருப்பு ஒட்டிய இடத்தைச் செதுக்குகிறோமே, அதற்கு மாற்று என்ன? கட்டையின் இடமும் வலமும் ஒன்றுபோல வந்திருக்கிறதா என்பதை எப்படிச் சோதிப்பது?

கொட்டாப்புளி

அதுக்கு முன்னாடி சாமான் தேர்வுல பாதி வேலை முடிஞ்சிடும் தம்பி. அதைச் சொல்லிடறேன்.

குழல்: நடுவுல ஒடுங்கி நுனியில விரியுற பழைய பாணிக் குழல்தான் அழகு, எடையும் கையில நல்லா உட்காரும். முதல் கட்டைக்கு வேண்டாம். நேர் எண்பட்டைக் குழல் வாங்குங்க, 13/16 அங்குலம், 42 அங்குல நீளம். தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரே அளவு. அப்போ 13/16 அகலத்துக்கு ஒரு கட்டைத்துண்டு இழைச்சு வச்சுக்கிட்டா அதுவே அளவுகோல். பள்ளத்துல அதைத் தள்ளிக்கிட்டே போனா எங்க பிடிக்குதோ அங்க மரம் மிச்சம். விரியுற குழல்ல இந்த வித்தை செல்லாது, அங்குலத்துக்கு அங்குலம் அளவு மாறும்.

பாணி: லான்காஸ்டர்னு எடுத்தது நல்ல முடிவு. அந்த வட்டாரத்துக் கட்டைங்க, அந்தக் காலத்துத் துப்பாக்கித் தச்சர் ஜேக்கப் டிக்கர்ட் செஞ்ச மாதிரி, பின்கட்டையோட மேல்கோடும் அடிக்கோடும் நேரா ஓடும். நேர்கோட்டை ஒரு ஸ்கேலை வச்சு விரலால சோதிக்கலாம். லீஹை பக்கத்துக் கட்டை வளைஞ்சு கழுகு மூக்கு மாதிரி இறங்கும். அதைத் தொட்டுச் சரிபார்க்க இடத்துக்கு ஒரு வார்ப்பட்டை (வடிவத்துக்கு வெட்டின மாதிரித் தகடு) வேணும்.

மரம்: அலையலையா ரேகை ஓடுற கர்லி மேப்பிளைப் பார்த்து மயங்காதீங்க. அந்த அலை ஒவ்வொண்ணும் நார் திசை மாறுற இடம். அரை அங்குலத்துக்கு ஒருதரம் உளி பிய்ச்சுக்கிட்டு போகும். முதலுக்கு வால்நட் எடுங்க, இல்லாட்டி அலையில்லாத மேப்பிள். அதுக்கும் முன்னாடி டியூலிப் பாப்லர் துண்டுல பழக்கம்.

குழல் பள்ளமும் இடிகோல் (குழலுக்குள்ள விட்டு இடிக்கிற கோல்) செருகுற துளையும் போட்ட கட்டையா வாங்கிடுங்க. நீளமா ஒரு 3/8 துளையை நேரா இறக்குறது கண்ணிருக்கிறவனுக்கே சூதாட்டம்.

வெள்ளைக்கோல்

பார்வையில்லாதவர்களுக்குக் கைத்தொழில் பயிற்சி தருகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். பலர் யோசிக்காத ஒன்று முதலில்.

சர்க்கரையால் பார்வை போனவர் என்றால் விரல்நுனி உணர்வையும் சோதிக்க வேண்டும். நரம்பு பாதிப்பு பாதத்தில்தான் முதலில் வரும், கைக்கும் வரலாம். பிரெய்ல் வாசிக்கிறார் என்பது நல்ல அறிகுறி. பிரெய்ல் புள்ளியின் உயரம் சுமார் அரை மில்லிமீட்டர், புள்ளிக்குப் புள்ளி இடைவெளி சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அதைப் படிக்கிற விரல் 1/32 அங்குலப் புடைப்பைச் சுலபமாகப் படிக்கும், அது 0.8 மில்லிமீட்டர். ஆனால் வாசிக்கிற விரல் ஒன்றுதான் கூர்மையாக இருக்கும், மற்றவை மந்தமாக இருக்கலாம். ஒவ்வொரு விரலாகச் சோதியுங்கள். மந்தமான விரலுக்குப் பதில் நகத்தையோ கூராக்கிய மூங்கில் குச்சியையோ பயன்படுத்தட்டும். கீறல் கோட்டில் குச்சி நுனி விழுவது கைக்குத் துல்லியமாகத் தெரியும். சர்க்கரை உள்ளவருக்குச் சின்னக் காயமும் ஆற நாளாகும், உணர்வு குறைந்த விரலில் காயம் பட்டதே தெரியாமல் போகும். ஒவ்வொரு வேலை முடிவிலும் கையைக் கழுவி, கண்ணுள்ள ஒருவர் பார்த்துவிடுவது நல்லது.

வாசிக்கிற விரல் அவருக்குக் கண். அதைக் கொண்டு சிலாம்பு தேடக் கூடாது, அரம் போட்ட பரப்பைத் தேய்க்கக் கூடாது. சூப்பர் குளூவோ அரக்கு வார்னிஷோ அதில் பட்டால் உரியும்வரை புத்தகம் வாசிக்க முடியாது. பரப்பைத் தடவ நடுவிரலைப் பழக்குங்கள்.

கற்றுத்தரும்போது அவர் கையைப் பிடித்து இழுத்து வைக்காதீர்கள். உங்கள் கை வேலை செய்யட்டும், அவர் கை அதன்மேல் இருக்கட்டும். உளியைச் சாய்க்கிற கோணம், மணிக்கட்டின் அசைவு எல்லாம் அப்படித்தான் போய்ச் சேரும். பிறகு இடம் மாற்றிக்கொள்ளலாம். ‘இங்கே’, ‘அங்கே’, ‘கொஞ்சம் அந்தப் பக்கம்’ என்பதெல்லாம் அவருக்கு வெறும் சத்தம். ‘குழல் நுனியை நோக்கி’, ‘பின்கட்டையை நோக்கி’, ‘லாக் பக்கம்’, ‘எதிர்ப்பக்கம்’ என்று கட்டையையே திசைகாட்டியாக வைத்துப் பேசுங்கள். கட்டையைத் திருப்பிப் போட்டாலும் அந்தச் சொற்கள் மாறாது.

மேசையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குழி, கூர்முனை எப்போதும் அவரிடமிருந்து விலகிய பக்கம். அவரிடம் சொல்லாமல் யாரும் எதையும் நகர்த்தக் கூடாது. பட்டறைக்கு வருகிற விருந்தாளிக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் அவர்கள்தான் எடுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் வைப்பார்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ‘எனக்கெதற்கு’ என்று சிரிப்பார். மிச்சமிருக்கிற வெளிச்ச உணர்வும் போக ஒரு சிலாம்பு போதும்.

ராவுஅரம்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் லாக் பதிப்பது என்பது ஆயிரத்தில் சில பங்கு அங்குல வேலை. கருப்பு பார்க்காமல் அதை யாரும் செய்ய முடியாது. தொண்ணூறு சதவீதம் செதுக்கி முடித்த கட்டை கடையில் கிடைக்கிறது. அதை வாங்கி, பதிக்கிற வேலையை மேப்பிள்வாசி முடித்துக்கொடுத்தால் அவர் உப்புத்தாள் போட்டு எண்ணெய் பூசலாம். அதுவும் ஒரு வேலைதானே?

கொட்டாப்புளி

செஞ்சு வச்ச கட்டைக்கு எண்ணெய் போடறதுக்கு அவர் உங்க பட்டறைக்கு வரணுமா? வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து செய்யலாம்.

அதோட, முக்கால்வாசி செதுக்கின கட்டைதான் புதுசா கத்துக்கறவனுக்குக் கஷ்டம். லாக் குழியை மெஷின் கொஞ்சம் பெரிசா எடுத்திருக்கும், இல்ல 1/16 தள்ளி எடுத்திருக்கும். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. முழு மரத்துல தப்பு திருத்த இடம் இருக்கு.

இப்போ பதிக்கிற விஷயம். கருப்பு என்ன சொல்லுது? உலோகம் எங்க மரத்தைத் தொடுதுன்னு. அதைச் சொல்றதுக்குக் கருப்பு மட்டும்தான் இருக்குன்னு யார் சொன்னது?

லாக் தட்டோட விளிம்பு நேர்க்குத்தா இருக்கக் கூடாது. உள்பக்கம் இத்தனூண்டு குறுகலா, இரண்டு மூணு டிகிரி சாய்வா ராவிக்கணும். ஆப்பு மாதிரி இறங்கும், இறங்க இறங்க இறுகும். தட்டை அதோட இடத்துல இறுக்கிப் பிடிச்சு, கூரான கத்தியால சுத்தி ஒரு கீறல். பென்சில் வேண்டவே வேண்டாம். அந்தக் கீறல்ல உளியோட முனை ‘க்ளிக்’னு விழும். முதல் கீறல் லேசா, இரண்டாவது ஆழமா. பிறகு உள்பக்கத்துலேருந்து கோட்டை நோக்கிச் சாய்வா ஒரு சீவல் எடுத்தா ஒரு சின்ன மதில் நிக்கும். அதுல உளியோட முதுகைச் சாய்ச்சு வச்சுக் குத்தலாம். மதிலே உளியைப் பிடிச்சுக்கும்.

தரையை மட்டம் பண்றதுக்கு ரவுட்டர் இழைப்புளி. ஆழத்தை ஒருதரம் வச்சுட்டா அதுக்குக் கீழே போகவே போகாது. கண்ணுள்ளவங்க உளியாலயே தரையைத் தட்டி மட்டம் பண்ணிப் பெருமைப்பட்டுக்குவாங்க, பின்னாடி நடுவுல குழி விழுந்திருக்கும்.

பக்கவாட்டுக்கு சிகரெட் தாள். கிட்டத்தட்ட ஆயிரத்துல ஒரு அங்குலத் தடிமன். கால் அங்குல அகலத்துல நறுக்கி, தட்டுக்கும் மரத்துக்கும் நடுவுல விட்டு, கொட்டாப்புளியால தட்டை மெதுவா ஒரு தட்டு. பிறகு ஒவ்வொரு துண்டா இழுக்கணும். லேசா வர்ற இடத்துல இடைவெளி, பிடிச்சுக்கிட்டுக் கிழியற இடத்துல தொடுது. சுத்தி எட்டு இடத்துல வைங்க. ரெண்டு துண்டுதான் கிழியுதுன்னா அந்த ரெண்டு இடத்துல மட்டும் ஒரு சீவல், முடி கனத்துக்கு. எட்டும் கிழிஞ்சா உட்கார்ந்தாச்சு. அப்போ தட்டுற சத்தமும் மாறும், பொத்துப்பொத்துன்னு இருந்தது கெட்டியா ‘டொக்’னு வரும்.

இன்னொண்ணு, அடிச்சு உட்காரவச்சு எடுத்ததும் தொட்ட இடத்துல நார் நசுங்கி வழவழன்னு இருக்கும். நகத்தை ஓட்டினா அங்க மட்டும் வழுக்கும், மத்த இடம் சொரசொரக்கும். இது பழகப் பழகத்தான் பிடிபடும். முதல் வாரம் தாளையே நம்பட்டும்.

மேப்பிள்வாசி

தாள் முறையை இங்கே ஒரு துண்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்து பார்த்தேன், வேலை செய்கிறது. 1/8 கனப் பித்தளைத் துண்டு, 1 அங்குலத்துக்கு 3 அங்குலம், பாப்லரில். தாள் எட்டும் கிழிந்தது, ஆனால் தட்டு ஒரு முனையில் தாழ்ந்து நிற்கிறது.

கொட்டாப்புளி

பக்கம் இறுகிடுச்சு, தரை இன்னும் சாயலா இருக்கு. தாள் துண்டு ரெண்டை அடியிலயும் போட்டுப் பாருங்க, முனைக்கு ஒண்ணு. ரவுட்டர் இழைப்புளியோட அடித்தகடு ரெண்டு பக்கமும் மரத்து மேல உட்காரணும். ஓரத்துல வேலை செய்யும்போது ஒரு பக்கம் காத்துல நிக்கும், கை அறியாம சாயும். அதே உயரத்துக்கு ஒரு மரத்துண்டைப் பக்கத்துல இறுக்கிக்கிட்டா சரியாகும்.

சாணைக்கல்

கூர் பற்றி யாரும் பேசவே இல்லையே. இருட்டிலும் செய்யக்கூடிய வேலை அது.

சக்கரம் வைத்த, பக்கவாட்டில் இறுக்கும் சாதாரண ஹோனிங் கைடு (உளியை ஒரே கோணத்தில் பிடித்துக் கல்லில் தேய்க்க உதவும் பிடிப்பான்) போதும். உளி வெளியே 30 மி.மீ. நீட்டியிருந்தால் 30 டிகிரி, 40 மி.மீ. நீட்டியிருந்தால் 25 டிகிரி. மேப்பிளுக்கும் வால்நட்டுக்கும் 30 வையுங்கள். ஒரு பலகையில் 30 மி.மீ. தள்ளி ஒரு தடைக்கட்டை ஒட்டிவிட்டால் உளியை அதில் முட்டவைத்துக் கைடை இறுக்கலாம், அளக்கவே வேண்டாம். ஒவ்வொரு கல்லின் ஓரத்திலும் வெவ்வேறு எண்ணிக்கையில் ரப்பர் பேண்டு போடுங்கள்: கரடுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு இரண்டு, மெல்லியதற்கு மூன்று.

கரட்டுக் கல்லை எப்போது நிறுத்துவது? உளியின் முதுகுப் பக்கம் விரலை முனையை நோக்கி, முனைக்கு வெளியே போகிறபடி வழித்தால் பிசிறு தடுக்கும். முனை முழுக்கத் தடுக்க வேண்டும், மூலையில் மட்டும் தடுத்தால் இன்னும் தேய்க்கணும். முனைக்கு நெடுக விரலை ஓட்டக் கூடாது, இது சட்டம். கூரைச் சோதிக்க பைன் மரத்தின் வெட்டுமுனையில் ஒரு சீவல். கூர் இருந்தால் ‘ஸ்ஸ்’ என்று ஒரே சத்தம், பரப்பு மெழுகுபோல இருக்கும். மழுங்கியிருந்தால் கரகரப்பு, நார் நொறுங்கித் தூளாகக் கையில் ஒட்டும்.

கூரில்லாத உளியைத்தான் அழுத்தித் தள்ளுவோம், அழுத்தினால்தான் வழுக்கும். அவர் விஷயத்தில் இரண்டு கையும் எப்போதும் முனைக்குப் பின்னால், கட்டை எப்போதும் வைஸில்.

மேப்பிள்வாசி

மிக்க நன்றி அக்கா. அளவு எடுப்பதற்கு? அவரிடம் பிரெய்ல் ஸ்கேல் இருக்கிறது, ஆனால் 1/8-க்குக் கீழே அதில் படிக்க முடியவில்லை.

வெள்ளைக்கோல்

கிளிக் ரூல் என்று ஒன்று இருக்கிறது. இழுத்தால் 1/16 அங்குலத்துக்கு ஒரு ‘கிளிக்’. எண்ணிக்கொண்டே போகலாம். லூசியானாவின் ரஸ்டனில் உள்ள பார்வையற்றோர் பயிற்சி மையம் போன்ற இடங்களில் மரவேலைப் பட்டறையும் பாடத்தில் ஒன்று, அங்கே இது அன்றாடக் கருவி.

கொட்டாப்புளி

வீட்டுலயே ஒண்ணு செய்யலாம். ஹார்ட்வேர் கடையில 3/8 அங்குலக் கரட்டு மரை கம்பி கேளுங்க, அங்குலத்துக்கு 16 மரை. ஒரு நட்டைப் போட்டு ஒரு முழுச் சுத்து சுத்தினா 1/16. சதுர நட்டுன்னா கால் சுத்து 1/64. ஒரு பக்கத்துல ஒரு புள்ளி வெட்டிட்டா எத்தனை சுத்துன்னு விரலுக்குத் தெரியும். ரெண்டு நட்டை எதிரெதிரா இறுக்கினா அளவு நகராது.

ஆனா உண்மையைச் சொன்னா அளக்கறதே குறையணும். ஒரு பட்டையில காடி வெட்டி வச்சுக்குங்க: டிரிகர்லேருந்து பின்கட்டை முனை 13½, லாக்கைக் கட்டையோட இறுக்குற முன்போல்ட் இடம், ஆணி இடங்கள். எண் எதுவும் வேண்டாம், காடிதான் அளவு. அந்தக் காலத்துப் பட்டறைங்களும் ஒரு மாதிரித்துப்பாக்கியையும் வார்ப்பட்டையையும் வச்சுத்தான் ஓட்டினாங்க.

ராவுஅரம்

சரி, பதிக்கிற விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். தாள் யோசனை நானே பயன்படுத்தப்போகிறேன். வடிவம் எடுப்பதற்கு என் பங்கு: முன்கட்டையின் அடியைச் சதுரமாக விட்டு, பிறகு எண்பட்டை, பிறகு பதினாறு பட்டை, பிறகு உருட்டு. பட்டையின் விளிம்புகள் விரலுக்குக் கோடு கோடாகத் தெரியும். பக்கத்தை மூன்றாகப் பிரித்து மூன்றில் ஒரு பங்கில் கீறுங்கள், எண்பட்டை வந்துவிடும்.

கொட்டாப்புளி

பட்டை பட்டையா எடுக்கறது சரிதான், இவருக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. மூணுல ஒரு பங்கு தப்பு. குழல் 13/16, ரெண்டு பக்கமும் 1/8 சுவர், ஆக முன்கட்டை அகலம் 17/16. மூணுல ஒண்ணுன்னா 0.35. அடிப்பட்டை 0.35, மூலைப்பட்டை அரை அங்குலம். ஒண்ணு ஒல்லி, ஒண்ணு குண்டு. பட்டை எல்லாம் சம அகலமா வரணும்னா 0.29 பங்கு, அதாவது 17/16-க்கு 5/16. மார்க்கிங் கேஜை 5/16-ல வச்சு அடியிலயும் பக்கத்துலயும் கீறிட்டு, ரெண்டு கீறலையும் தொடற வரைக்கும் அரம். கண்ணுள்ளவங்க பட்டை சாஞ்சிருந்தாலும் உருட்டும்போது ஒப்பேத்திடுவாங்க. இவர் பட்டை அகலத்தைத்தான் விரலால ஒப்பிடுவார், அதனால அது சரியா இருக்கணும்.

பக்கவாட்டு வடிவத்துக்கு 3 மி.மீ. ஹார்ட்போர்டுல வார்ப்பட்டை, விளிம்புல சன்மைக்கா மாதிரி லேமினேட் ஒட்டி, கட்டையோட ரெண்டு பக்கமும் கழிவு மரத்துல திருகு போட்டு இறுக்கிடுங்க. அரம் ரெண்டு லேமினேட்டுக்கும் நடுவுல ஓடும். மரம் இருக்கிற வரைக்கும் ‘கரகர’, லேமினேட்டைத் தொட்டதும் வழுக்கி ‘கிரீச்’. சத்தமே நிறுத்தச் சொல்லும்.

கட்டையில தேவைக்கு மேல மரத்தை மிச்சம் விடறதுதான் புதுசா செய்யறவங்க எல்லாரும் பண்ற தப்பு, துடுப்பு மாதிரி இருக்கும். பார்வையில்லாதவர் இதுல தப்பிக்க வாய்ப்பு அதிகம், ஏன்னா நல்ல கட்டை ஒண்ணை ஒரு வாரம் கையில வச்சுத் தடவியிருந்தா கனம் கைக்கு மனப்பாடம். அப்படி ஒண்ணை முதல் நாளே கையில குடுங்க. நாசரேத் ஊருக்குப் பக்கத்துல ஜேக்கப்ஸ்பர்க்கில லாங்ரைஃபிள் மியூசியம் இருக்கு. முன்கூட்டியே கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்க எதையாவது தருவாங்களான்னு கேளுங்க.

வெள்ளைக்கோல்

இடம் வலம் ஒப்பிட: இரண்டு கையையும் ஒரே நேரத்தில் இரு பக்கமும் வைத்து, பின்கட்டையிலிருந்து முன்னோக்கி மெதுவாக வழிக்க வேண்டும். பிறகு கட்டையைத் திருப்பிப் போட்டு, கை மாறும்படி மறுபடி ஒருமுறை. கைக்குக் கை உணர்வு ஒன்றுபோல இருக்காது, அந்த வித்தியாசம் இப்படித்தான் கழியும். மேடுபள்ளம் தேட மெல்லிய பருத்திக் கையுறையோ ஒரு தாளோ இடையில் வையுங்கள். தோல் உராய்வு குறைவதால் நீளமான அலை தெளிவாகத் தெரியும். கார் பாடி தட்டுகிறவர்கள் செய்வதுதான். சிலாம்புக்கும் நார் திசைக்கும் பழைய நைலான் காலுறை: எதிர் நாரில் அது மாட்டும்.

ராவுஅரம்

பேண்ட்சாவில் (பட்டைவாள் ஓடும் அறுப்பு மெஷின்) கட்டையை முதலில் அறுத்துவிட்டால் பாதி அரம் வேலை மிச்சமாகுமே?

சாணைக்கல்

மேப்பிள்வாசியே அறுத்துக் கொடுக்கட்டும். பார்வையில்லாதவர்கள் பேண்ட்சா ஓட்டுகிறார்கள், முறையான பயிற்சியுடன். ஆனால் வளைந்த கோட்டில், காதடைக்கும் சத்தத்தில், மரவேலையின் முதல் மாதத்தில் வேண்டாம். அவருடைய பாதித் தகவல் காது வழியாக வருகிறது, மெஷின் அதை அடைத்துவிடும்.

தேக்குமரம்

நான் திருச்சி. இதே முறையில் நாட்டுத்துப்பாக்கிக் கட்டை ஒன்று செய்து பார்க்கலாமா?

நெறியாளர்

வேண்டாம். இந்தியாவில் வாய்வழி மருந்து போடும் துப்பாக்கியானாலும் செய்யவும் பழுது பார்க்கவும் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். அமெரிக்காவில் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்தப் பழைய பாணிப் பிரதிகளைத் தனியாக வைக்கிறது, அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கைப்பழக்கத்துக்குப் பித்தளைத் தட்டுப் பதித்த ஒரு நகைப்பெட்டி செய்யுங்கள், மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும். குழலின் பின்மூடி, துளை, மருந்து பற்றிய பேச்சு இந்த இழையில் வேண்டாம். அது உரிய ஆளிடம் நேரில் செய்கிற வேலை.

மேப்பிள்வாசி

புரிந்தது நெறியாளரே, அதெல்லாம் எங்கள் பக்கத்து உரிமம் பெற்ற துப்பாக்கித் தச்சர் பார்த்துக்கொள்கிறார். எனக்கு இன்னும் ஒரு பயம், லாக்கின் முன்போல்ட். குழலுக்கும் இடிகோல் துளைக்கும் நடுவில் அது போகணும்.

கொட்டாப்புளி

பயப்பட வேண்டிய இடம்தான். கணக்கு பாருங்க. குழலுக்கும் துளைக்கும் நடுவுல பொதுவா 1/8 மரம் விடுவாங்க, 0.125. எட்டாம் நம்பர் போல்ட்டோட கனம் 0.164. நுழையாது. துளை போட்டு வர்ற கட்டையில நடு மரம் எவ்வளவு இருக்குன்னு முதல்லயே பார்த்துடணும். குழல் பள்ளத்தோட அடியில, லாக் வர்ற இடத்துக்கிட்ட, 1/16 துளை ஒண்ணு நேர்க்கீழா போடுங்க. இடிகோல் துளையில விழுந்ததும் டிரில் ‘பொசுக்’னு இறங்கும். முனையில கொக்கியா வளைச்ச கம்பியை விட்டு, கொக்கி துளையோட மேல்கூரையைப் பிடிச்சதும் நகத்தால அளவு பிடிச்சா நடு மரத்தோட கனம். இதை அவரே செய்யலாம். குழல் உட்கார்ந்ததும் அந்தத் துளை வெளியே தெரியாது.

3/16 இருந்தா கவலையில்லை. 1/8 தான்னா இடிகோலோட உள்முனையைக் கூம்பா ஒல்லியாக்குங்க, போல்ட் துளையோட கூரையைக் கொஞ்சம் கடிச்சாலும் கோல் முட்டாது. குழலை அராவி இடம் பண்ணலாம்னு யாராவது சொல்வாங்க. குழல்ல கை வைக்காதீங்க.

துளை போடுறதுக்கு ரெண்டு அங்குலக் கனமான கடின மரத்துல ஸ்டீல் புஷ் (டிரில் நேரா நுழையற சின்னக் குழாய்) அடிச்ச வழிகாட்டி வேணும். கண்ணால நேர் பார்க்க முடியாதவருக்கு மட்டுமில்ல, இந்த இடத்துல எல்லாருக்கும் அதுதான். லாக் பக்கத்துலேருந்து பாதி, எதிர்ப்பக்கத்துலேருந்து பாதின்னு யாரும் ஆரம்பிக்காதீங்க, நடுவுல சந்திக்காது.

சாணைக்கல்

மெருகு பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. மேப்பிளுக்குப் பழைய முறையில் இரும்பு கரைத்த அமிலம் பூசி, சூடு காட்டி நிறம் எழுப்புவார்கள். எப்போது நிறுத்துவது என்பதை நிறம்தான் சொல்லும், புகையும் கெட்டது. அந்த ஒரு வேலையைத் திறந்த வெளியில் நீங்கள் செய்யுங்கள். வால்நட் என்றால் எண்ணெய் மட்டும் போதும், முழுக்க அவரே முடிக்கலாம். எண்ணெய்க்கு முன் மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, எழும்புகிற மயிர்போன்ற நாரைச் சுரண்டியால் எடுக்கச் சொல்லுங்கள். அது கண்ணைவிட விரலுக்குத்தான் நன்றாகத் தெரியும். நாம் விளக்கைச் சாய்த்து வைத்துத் தேடுகிற கீறலை அவர் கை முதலிலேயே பிடித்துவிடும்.

ஆளி எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள தகர டின் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, மேசையின் வலது காலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். நகரவே கூடாது.

மேப்பிள்வாசி

டின் கட்டியாச்சு. நேர் எண்பட்டைக் குழலும் வால்நட் கட்டையும் சொல்லிவிட்டேன். கட்டை வந்ததும் முதல் வேலை அந்த 1/16 துளை.

கொட்டாப்புளி

துளை போடறதுக்கு முன்னாடி டிரில்ல ஆழத்துக்கு ஒரு காலர் மாட்டுங்க. மாட்டலைன்னா ‘பொசுக்’னு இறங்கற வேகத்துல துளையோட அடிப்பக்கத்தையும் குத்திக்கிட்டு முன்கட்டைக்கு வெளியே வந்துடும்.